இரவல் நாய் சொன்ன பாடம்

(தலைப்பு: உறவை வளர்ப்பது உரிமையா? புரிதலா? ‘புரிதலே’ என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! ‘இவர் என்ன பேசிவிடப் போகிறார்’ என்று என்னை உரிமையோடு முறைத்துக் கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! இந்த அரங்கத்திலும், வீட்டில் முறுக்குத் தட்டோடு தொலைக்காட்சி முன்னாலும் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! 

எனக்கு முன்னால் பேசிய சகோதரி அருமையாகப் பேசினார்கள். “நடுவர் அவர்களே, மனுஷனை விடுங்க. நாய்க்கே தெரியுது உரிமைன்னா என்னன்னு! எங்க வீட்டு மணி, எங்க வீட்டுக்காரர் உட்காருன்னா உட்காரும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னா கடிக்க வரும். ஏன்? உரிமை!” என்று சொல்லி ஒரு கைதட்டலும் வாங்கிக் கொண்டு போய்விட்டார்கள்.

நான் அவங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அம்மா, வீட்டுக்காரர் சொன்னா மணி உட்காருது, சரி. நீங்க சொல்லாம வீட்டுக்காரர் உட்காருவாரா? (பலத்த சிரிப்பு) அது அவங்க குடும்ப விவகாரம், நான் உள்ளே போகலே. ஆனா ஒண்ணு, நடுவர் அவர்களே. நாயை இந்த மேடையில் அவிழ்த்து விட்டது அவங்க. அவிழ்த்து விட்ட நாயை நான் பிடிச்சுக்கிறேன். அந்த நாயை வெச்சே இந்த வழக்கை நடத்தறேன்.

என் மகள் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் இருக்கிறாள். பேரனைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு அம்மையார். என் வயதுதான், ஐம்பதைத் தாண்டியவர். காலையில் பார்த்தால் அந்த அம்மா தோட்டத்தில் வரிசையாகப் பன்னிரண்டு கம்பு நட்டு வைத்துக்கொண்டு, நாயோடு ஓடுகிறார். பாகற்காய்க்குப் பந்தல் போடறாங்களோன்னு நினைச்சேன். (சிரிப்பு) மகள் சொன்னாள், “அப்பா, அது அஜிலிட்டி. நாய்களுக்கான தடை ஓட்டப் பந்தயம். இவங்க உலகப் போட்டிக்கே போய் வந்தவங்க” என்று.

அது என்ன பந்தயம்? 1978ஆம் ஆண்டு லண்டன் மாநகரத்தில், ஒலிம்பியா என்ற மண்டபத்தில் ‘க்ரஃப்ட்ஸ்’ என்ற புகழ்பெற்ற நாய்க் கண்காட்சி நடந்தது. நடுவில் கொஞ்ச நேரம் மைதானம் சும்மா கிடக்கும். கூட்டம் எழுந்து போய்விடக் கூடாதே! நிர்வாகக் குழுவில் இருந்த ஜான் வார்லி என்பவரும், பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரும் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள். குதிரை தடை தாண்டுகிற மாதிரி நாயைத் தாண்ட விட்டால் என்ன? இடைவேளையை நிரப்ப வந்த ஆட்டம், நடுவர் அவர்களே, இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிறது. நம்ம பட்டிமன்றம் மாதிரியேதான். பண்டிகைக்கு நடுவிலே இடத்தை நிரப்ப வந்தோம். இப்ப நாம இல்லாம பண்டிகையே இல்லை! (கைதட்டல்)

மைதானத்தில் ஏறக்குறைய இருபது தடைகள். தாண்டுவதற்குக் கம்பு. நுழைந்து வர வளைந்த குழாய். நாலு அடி உயரத்தில் ஒரு அடி அகலப் பலகை, அதன் மேல் நடக்க வேண்டும். ஏற்ற இறக்கப் பலகை ஒன்று, நம்ம பார்க்கில் குழந்தைகள் ஆடுகிற சீசா. அப்புறம் அந்தப் பன்னிரண்டு கம்பு. இரண்டடி இடைவெளியில் நட்டிருக்கும். அதற்குள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓட வேண்டும். கம்பு விழுந்தால் ஐந்து புள்ளி தண்டனை. பலகையை விட்டு இறங்கும்போது நுனியில் பூசியிருக்கிற வண்ணத்தை மிதிக்காமல் குதித்தால் ஐந்து புள்ளி. வரிசை மாறி வேறு தடைக்குப் போனால் ஆட்டமே முடிந்தது, வெளியே!

இதில்தான் விஷயம் இருக்கிறது. நாய் அந்தத் தடைகளின் வரிசையை முன்னால் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வரிசை மாறும். போட்டிக்கு முன்னால் சில நிமிடம் மனிதர்கள் மட்டும் மைதானத்தில் நடந்து பார்த்து மனப்பாடம் செய்து கொள்ளலாம். நாய்க்கு அனுமதி கிடையாது. ஓடும்போது சங்கிலி கிடையாது. பிஸ்கட் காட்டக் கூடாது. நாயைத் தொடக் கூடாது. கூட ஓடி, குரலாலும் கையாலும் உடம்பாலும் மட்டும்தான் வழி காட்டலாம். அதாவது, உரிமை காட்டுகிற கருவி அத்தனையையும் வாசலிலேயே வாங்கி வைத்துக் கொள்கிறார்கள்! உள்ளே போகிறது ஒன்றே ஒன்று. அதற்குப் பெயர் புரிதல். (கைதட்டல்)

எதிரணி சொல்லும், “ஐயா, அது அவங்க சொந்த நாய். அதனாலே ஓடுது” என்று. அங்கேதான் மாட்டிக் கொண்டீர்கள். அந்த அம்மா உலகப் போட்டிக்குப் போனது இரவல் நாயோடு!

ஏன் இரவல்? அவங்க கிட்டே நாய் இல்லையா? இருக்கு. ஆனால் ஆஸ்திரேலியா வெறிநாய்க்கடி நோய் இல்லாத தேசம். உள்ளே வருகிற நாய்க்கு அங்கே இருக்கிற கெடுபிடி, நம்ம ஊரில் மாப்பிள்ளைக்குக் கூடக் கிடையாது. (சிரிப்பு) ஐரோப்பா போய்விட்டுத் திரும்புகிற நாய் என்றால், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு 180 நாள் காத்திருப்பு என்று ஒரு பெரிய பட்டியல். அதெல்லாம் முடிந்து வந்தாலும் மெல்போர்ன் பக்கத்தில் மிக்கிள்ஹாம் என்ற இடத்தில் அரசாங்க முகாமில் குறைந்தது பத்து நாள் தனியே இருக்க வேண்டும். அடையாளத்தை முன்கூட்டியே முறைப்படி உறுதி செய்யவில்லை என்றால், 2023ஆம் ஆண்டிலிருந்து முப்பது நாள். ஹாலிவுட் நடிகர் ஜானி டெப் வீட்டு நாய்க்குட்டிகள் இரண்டு, 2015இல் சொல்லாமல் கொள்ளாமல் தனி விமானத்தில் வந்து இறங்கின. நாட்டை விட்டுக் கிளம்பாவிட்டால் கொல்லப்படும் என்று அமைச்சரே எச்சரித்தார். அவற்றைத் திருப்பி அனுப்பினார்கள்.

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த இங்கிலாந்திலும் இதே கதைதான். 2000ஆம் ஆண்டு சட்டம் மாறுகிற வரைக்கும், கடல் தாண்டிப் போய்த் திரும்புகிற நாய்க்கு ஆறு மாதம் தனிமை. நோயைத் தடுக்க வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் ஒரு வாரப் பந்தயத்துக்காக வாயில்லா ஜீவனை யார் அந்தப் பாடு படுத்துவார்கள்? அதனால் 2011இல் தொடங்கிய உலக அஜிலிட்டி ஓப்பன் போன்ற போட்டிகளுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறவர்கள், அங்கே உள்ளவர்களின் நாயைக் கேட்டு வாங்கி ஓடியிருக்கிறார்கள்.

நம்ம ஊர்ப் பழமொழி என்ன சொல்லுது? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதேன்னு சொல்லுது. சேலை இரவல் கேட்டாலே நம்ம வீட்டில் ஆயிரம் நிபந்தனை. “காபி சிந்தாதே, மடிப்புக் கலையாதே!” இந்த அம்மா கேட்டது வளர்த்த நாயை. யார் கொடுப்பார்கள்?

கொடுத்தார்கள், நடுவர் அவர்களே. நெதர்லாந்து நாட்டில் ஒரு பெண்மணி. எப்போதோ ஒரு பயிற்சி முகாமில் பழக்கம். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி ஓட முடியாமல் இருந்தார். அவருடைய நாய்க்கு நாலு வயது, துள்ளி ஓடுகிற வயது. அவர் எழுதிய கடிதத்தை அந்த அம்மா எனக்குப் படித்துக் காட்டினார்கள். “என் கால் நின்று விட்டது. அதற்காக அவள் காலும் நிற்க வேண்டுமா? வந்து கூட்டிக் கொண்டு போங்கள்.” இரண்டே வரி. (கைதட்டல்)

நாயின் பெயர் கேட்டால் தஞ்சாவூர்க்காரர்கள் சந்தோஷப்படுவீர்கள். ‘நெல்’! (சிரிப்பு) நம்ம நெல் இல்லை, அது வெள்ளைக்காரப் பெயர். பார்டர் காலி என்ற சாதி. ஆடு மேய்க்கிற நாய்.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக அந்த அம்மா போய் இறங்கினார். முதல் நாள் பயிற்சி. வேலிக்கு வெளியே சொந்தக்காரப் பெண்மணி. உள்ளே இந்த அம்மா. “ஓடு” என்றார். நெல் ஓடியது, நேராக வேலிக்கு! சொந்தக்காரரிடம்! எதிரணி நண்பர்களே, இப்போது கைதட்டிக் கொள்ளுங்கள். இந்த ஒரு நாள் உங்கள் பக்கம். (சிரிப்பு)

சொந்தக்காரப் பெண்மணி என்ன செய்தார் தெரியுமா? “நான் இங்கே இருக்கிற வரைக்கும் அவள் உங்களைப் பார்க்க மாட்டாள்” என்று சொல்லி, அது தூங்குகிற துணியையும் தின்கிற தட்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, காரை எடுத்துக் கொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் நாய் ஓடி வந்துவிடும் என்று திரும்பியே பார்க்கவில்லையாம்.

மறுநாள் இந்த அம்மா நாயை ஓட வைக்கவே இல்லை. கூட நடந்தார். சோறு வைத்தார். சும்மா உட்கார்ந்தார். மூன்றாம் நாள்தான் அது பக்கத்தில் வந்து படுத்தது. அப்புறம் பாஷைப் பிரச்சினை. நாய்க்குத் தெரிந்தது டச்சு மொழி. நில் என்பதற்கு ‘ப்ளைஃப்’. இடது என்றால் ‘லிங்ஸ்’. வலது என்றால் ‘ரெக்ட்ஸ்’. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனுஷி, ஒரு நாய்க்காகப் புது பாஷை படிக்கிறார்! நம்ம வீட்டில் பேரப்பிள்ளை பேசுகிற பாஷையை நாம் படிக்கிறோமா? “இந்தக் காலத்துப் பசங்க பேசறது ஒண்ணும் புரியலே”ன்னு அலுத்துக்கிறோம். புரியலைன்னா கத்துக்க வேண்டியதுதானே! (கைதட்டல்)

கற்றுக் கொண்ட பிறகும் ஒரு சிக்கல். கையை வலப்பக்கம் நீட்டுகிறார், நாய் இடப்பக்கம் போகிறது. ஒருமுறை, இருமுறை, பத்து முறை. கோபம் வந்துவிட்டது. செல்போனில் படம் எடுத்துப் போட்டுப் பார்க்கிறார். கை வலப்பக்கம் நீண்டிருக்கிறது. ஆனால் பாதமும் தோளும் இடப்பக்கம் திரும்பியிருக்கின்றன! இவருடைய சொந்த நாய் பல வருஷமாக இந்தக் கோணல் கையைப் பார்த்துப் பார்த்து, ‘அம்மா இதைத்தான் சொல்றாங்க’ என்று பழகிக் கொண்டது. நெல் அப்படிப் பழகவில்லை. காலும் தோளும் எங்கே பார்க்கின்றனவோ அங்கே போனது. அந்த அம்மா என்னிடம் சொன்னார்கள்: “ப்ரொபஸர், நாய் தப்பே செய்யலை. நான் சொன்னதைத்தான் செஞ்சது. நான் என்ன சொல்றேன்னு எனக்குத்தான் தெரியலை.”

நடுவர் அவர்களே, முப்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த வார்த்தையைக் கேட்டு அந்தத் தோட்டத்திலேயே தலை குனிந்து நின்றேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எதிரணியில் ஒரு நண்பர் விரலை உயர்த்துகிறார். அவர் கேட்கப் போவது எனக்குத் தெரியும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக். நவீன பென்டத்லான் என்று ஐந்து விளையாட்டு சேர்ந்த போட்டி. அதில் குதிரை இரவல்தான். குலுக்கல் போட்டுக் கொடுப்பார்கள். பழகுவதற்கு இருபதே நிமிடம்! ஜெர்மனி நாட்டு வீராங்கனை முதல் இடத்தில் இருந்தார். கிடைத்த குதிரை தாண்ட மறுத்தது. அவர் குதிரை மேல் அழுது கொண்டே உட்கார்ந்திருந்ததை உலகமே பார்த்தது. தங்கம் போயிற்று, முப்பத்தோராம் இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு அந்தப் போட்டியில் குதிரையையே எடுத்துவிட்டார்கள். “பார்த்தீரா, இரவல் கவிழ்த்துவிட்டது” என்பீர்கள். இல்லை நண்பரே. கவிழ்த்தது இரவல் இல்லை, இருபது நிமிடம்! ஒரு உயிரைப் புரிந்து கொள்ள இருபது நிமிடம் போதும் என்று நினைத்தார்களே, அந்த நினைப்பு. (பலத்த கைதட்டல்)

நம்ம நளன் கதை என்ன? நாடு போயிற்று, உருவமும் போயிற்று. வாகுகன் என்ற பெயரில் இன்னொரு மன்னனுக்குத் தேரோட்டியாக நின்றான். அவன் ஓட்டியது யார் குதிரை? இருதுபன்னன் குதிரை. ஆனால் குதிரையின் மனம் தெரிந்தவன் நளன். தேர் பறந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த சொந்தக்கார மன்னன் வாயைப் பிளந்தான்!

போட்டி நாளுக்கு வருகிறேன். தொடக்கக் கோட்டில் நெல் உட்கார்ந்தது. “ப்ளைஃப்.” சங்கிலியைக் கழற்றிவிட்டு அந்த அம்மா முன்னால் பத்தடி நடக்க வேண்டும். முதுகுப்பக்கம் நாய் இருக்கிறதா, எழுந்து ஓடிவிட்டதா, தெரியாது. “என் வாழ்க்கையிலேயே நீளமான பத்தடி அதுதான்” என்றார். திரும்பிப் பார்த்தால் நெல் அசையவில்லை. இவர் தோளையே பார்த்துக் கொண்டிருக்கிறது.

ஓட்டம் தொடங்கியது. கம்பு, பலகை, சீசா, எல்லாம் சரி. குழாயை விட்டு நாய் வெளியே வருகிற நேரம், பதற்றத்தில் இந்த அம்மா வாய் தவறிவிட்டது. போக வேண்டியது வலது. “லிங்ஸ்!” என்று கத்திவிட்டார். இடது! போனால் வேறு தடை, ஆட்டம் காலி. ஆனால் பாதம் சரியாக வலது பக்கம் திரும்பியிருந்தது. நெல் ஒரு கணம் பார்த்தது. வாயை விட்டுவிட்டது, பாதத்தைப் பிடித்துக் கொண்டது. வலப்பக்கம் பாய்ந்தது! (கைதட்டல்) பிழையில்லாமல் அந்த ஓட்டம் முடிந்தது.

பதக்கம் வாங்கினாரா? இல்லை. நடு வரிசையில் ஒரு இடம். அடுத்த ஓட்டத்தில் ஒரு கம்பு விழுந்து ஐந்து புள்ளி போயிற்று. நான் பதக்கக் கதை சொல்ல வரவில்லை.

அந்த நேரம் சொந்தக்காரப் பெண்மணி எங்கே இருந்தார்? முன்வரிசையில் இல்லை. வண்டி நிறுத்துகிற இடத்தில், ஒரு வேனுக்குப் பின்னால், தன் வாசம் நாயின் மூக்குக்கு எட்டக் கூடாது என்று காற்றடிக்கிற திசை பார்த்து ஒளிந்து நின்றார். தான் வளர்த்த செல்லம் உலக மேடையில் ஓடுகிறது. பார்க்கவில்லை. ஒலிபெருக்கியில் கேட்டுக் கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு வெளியே வந்தார். நெல் பாய்ந்து போய் அவர் மேல் விழுந்தது, முகத்தை நக்கியது.

“உங்களுக்கு வருத்தமாக இல்லையா? உங்களை விட்டுவிட்டு ஓடிவிட்டதே” என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்தார்கள். “எதுக்கு வருத்தம்? அது அவங்களுடையது. பன்னிரண்டு நாள் என்னையும் புரிஞ்சுக்கிட்டது. ஒண்ணு கூடினா இன்னொண்ணு குறையணுமா?”

எதிரணி நண்பர்களே, உங்கள் பயமே இதுதானே! நம்ம பிள்ளையை இன்னொருத்தர் புரிந்து கொண்டால் நம்ம உரிமை போய்விடும் என்கிற பயம். இப்போது நான் தலை குனிந்த கதையைச் சொல்கிறேன்.

என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம். என்னோடு பேச மாட்டான். நான் கேள்வி கேட்டால் ஒரு வார்த்தை பதில். ஆனால் தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை. அந்தக் கடைக்காரரோடு மணிக்கணக்கில் பேசுவான். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் போய் நாலு பேர் முன்னால் அவரைச் சத்தம் போட்டேன். “பெத்தவன் நான் இருக்கேன். என் பையனுக்கு நீங்க யாருய்யா?” அவர் பஞ்சர் ஒட்டிக் கொண்டிருந்த கையைத் துடைத்துக் கொண்டு எழுந்து நின்றார். “சார், நான் ஒண்ணும் சொல்லித் தரலைங்க. அது பேசும், நான் கேட்டுக்கிட்டிருப்பேன். அவ்வளவுதாங்க” என்றார்.

அதற்குப் பிறகு மகன் அந்தக் கடைக்குப் போகவில்லை. என்னிடமும் வரவில்லை. உரிமையை நிலைநாட்டிவிட்டேன், நடுவர் அவர்களே! என் கை ‘வா’ என்று நீண்டிருந்தது. என் பாதம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவன் பாதத்தைப் பார்த்தான். நாயும் தப்புச் செய்யவில்லை. என் பிள்ளையும் தப்புச் செய்யவில்லை.

மெல்போர்னிலிருந்து அன்று இரவே மகனுக்குப் போன் போட்டேன். அவன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். “என்னப்பா, உடம்பு சரியில்லையா?” என்றான். “இல்லப்பா, சும்மா. நீ பேசு, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பேசினான். நாற்பது நிமிடம் பேசினான். (நீண்ட கைதட்டல்)

ஊர் திரும்பியதும் அந்த சைக்கிள் கடையைத் தேடிப் போனேன். கடை இல்லை. அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐயா, இந்த நிகழ்ச்சியை எங்காவது பார்த்துக் கொண்டிருந்தால், அன்று நான் கேட்ட கேள்விக்கு இன்று நானே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் யார்? என் பிள்ளையைக் காது கொடுத்துக் கேட்டவர். மன்னித்துக் கொள்ளுங்கள்.

நடுவர் அவர்களே! உரிமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரிமை பிறப்பிலே வரும், பத்திரத்திலே வரும், தாலியிலே வரும். ஆனால் வந்த உறவை வளர்ப்பது எது? ஒரு பெண்மணி தன் உரிமையை வேனுக்குப் பின்னால் மறைத்து வைத்தார். இன்னொரு பெண்மணி ஒரு நாயின் பாஷையைக் கற்றுக் கொண்டார். அங்கே உறவு வளர்ந்தது. ஆகவே, உறவை வளர்ப்பது புரிதலே! புரிதலே! என்று நீங்கள் நல்ல தீர்ப்பு வழங்குவீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.

(பலத்த கைதட்டல்)